மலாக்கா மாநகர்: காற்று வளர்த்த துறைமுகம்

(தோட்ட மக்கள் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், தோட்ட மக்கள் பணம் திரட்டிப் பேருந்து ஒன்றை அமர்த்திக்கொண்டு மலாக்காவுக்குச் சென்று வருவது நம்மிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கமாகும். கோட்டை வாசலில் நின்று ஒரு படம், செந்நிறக் கட்டடத்தின் முன் ஒரு படம், வெல்லப்பாகு ஊற்றிய செண்டோல் ஒரு கிண்ணம், வீட்டாருக்குக் கொஞ்சம் பிளாச்சான். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறோம். பார்த்த இடங்கள் நினைவில் நிற்கின்றன. அவ்விடங்களின் பொருள் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஆகவே, அந்நகரின் வரலாறு, தட்பவெப்பம், மக்கள் வாழ்க்கை ஆகிய மூன்றையும் இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விழைகிறேன். அந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு என்பதே நான் இதனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமாகும்.

நெல்லி மரத்தடியில் பிறந்த ஊர்

கோலாலம்பூருக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், தீபகற்பத்தின் மேற்குக் கரையில், ஒரு சிற்றாறு கடலோடு கலக்கும் இடத்தில் மலாக்கா அமைந்துள்ளது. 1400-ஆம் ஆண்டையொட்டிப் பாலெம்பாங் அரச குலத்தைச் சேர்ந்த பரமேசுவரர் இவ்வூரை நிறுவினார். அவர் ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, அவருடைய வேட்டைநாயைச் சிறிய சருகுமான் ஒன்று உதைத்து ஆற்றில் தள்ளியதாம். "மானும் வீரம் காட்டும் மண் இது" என்று வியந்து அங்கேயே நகரம் அமைத்தார் என்பது மலாய் மக்கள் வழிவழியாகக் கூறிவரும் கதை.

அவர் சாய்ந்திருந்த மரத்தின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று என்பர். அது எந்த மரம் தெரியுமா? நாம் நன்கு அறிந்த நெல்லியேதான்! 'ஆமலகம்' என்னும் வடமொழிச் சொல்லே மலாய் மொழியில் மலாக்கா என்று திரிந்ததாக அறிஞர் பலர் கருதுகின்றனர்.

காற்றே கப்பலோட்டி

சிற்றூராக இருந்த இடம் உலகம் போற்றும் துறைமுகமானது எப்படி? அதற்கு விடை வானத்தில் இருக்கிறது.

நீராவிக் கப்பல்கள் தோன்றுவதற்கு முன்பு கப்பலைச் செலுத்தியது காற்றே. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். சீனத்துக் கப்பல்கள் அக்காற்றில் பாய்விரித்துத் தெற்கு நோக்கி வரும். மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அப்போது அவை தாயகம் திரும்பும். இந்தியப் பெருங்கடலைக் கடந்து வந்த குஜராத்தியரும் தமிழரும் வங்காளியரும் அவ்வாறே காற்றின் காலம் பார்த்து வந்தனர்; காற்றின் காலம் பார்த்துத் திரும்பினர். இருதிசைக் காற்றும் சந்திக்கும் இடத்தில், சுமத்திரா தீவின் மறைவில், பெரும் புயல் தாக்காத நீரிணையின் ஓரத்தில் இருந்தது மலாக்கா. காற்று திரும்பும்வரை வணிகர் மாதக்கணக்கில் இங்கே தங்க வேண்டியதாயிற்று. தங்கியவர்கள் கிடங்கு கட்டினர், வழிபாட்டிடம் எழுப்பினர், சிலர் மணமும் செய்துகொண்டனர். இவ்வாறு பருவக்காற்று ஒரு நகரத்தையும் அந்நகரத்தின் மக்களையும் உருவாக்கிற்று.

இன்றும் மலாக்காவின் தட்பவெப்பம் ஏறத்தாழ நம் தோட்டங்களின் தட்பவெப்பமே. பகலில் வெப்பம் 32 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும். இரவில் 23, 24 பாகை வரை இறங்கும். ஆண்டு மழை சுமார் 2000 மில்லிமீட்டர். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். சனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. அதனைத் தொடர்ந்து பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்பதையும், வாளியில் பால் குறைவதையும் நீங்கள் ஆண்டுதோறும் காண்கிறீர்கள்.

இன்னொன்றையும் நீங்கள் நன்கறிவீர்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரையுள்ள மாதங்களில், பொழுது விடியும் முன் மேற்கே வானம் கறுத்து, திடீரெனச் சூறைக்காற்று எழுந்து, ஓரிரு மணி நேரம் மழை அடித்து ஓய்வதுண்டு. நீரிணையின் அக்கரையிலிருந்து வருவதால் அதற்குச் 'சுமத்திராக் காற்று' என்று பெயர். அன்றைய மாலுமிகள் அதனைக் கண்டு பாயைச் சுருட்டினார்கள். பட்டை நனைந்த மரத்தில் உளி வைக்க இயலாமல் அன்றைய கூலியை இழக்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் அக்காற்று பழைய பகையே.

மழை மிகுந்த நாடு என்று நாம் மெத்தனமாக இருந்துவிடவும் முடியாது. 1991-ஆம் ஆண்டில் மழை பொய்த்தபோது டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றி, மலாக்கா மக்கள் கடுமையான குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கு ஆளாயினர். கடலோரத்தில் வாழ்ந்தும் குடிக்க நீரில்லாமல் வரிசையில் நிற்க நேர்ந்த அந்த ஆண்டை அவ்வூர்ப் பெரியோர் இன்னும் மறக்கவில்லை.

நான்கு துறைமுக அதிகாரிகள்

மலாக்கா சுல்தான்கள் வணிகத்தின் அருமையை உணர்ந்தவர்கள். வந்திறங்கும் வணிகர்க்கென நான்கு 'ஷாபந்தார்'களை, அதாவது துறைமுக அதிகாரிகளை நியமித்தனர். ஒருவர் குஜராத்தியர்க்கு, ஒருவர் தமிழகம், வங்காளம், பெகு ஆகிய பகுதிகளிலிருந்து வருவோர்க்கு, ஒருவர் சாவகம், மொலுக்காசு முதலிய தீவுகளின் மக்களுக்கு, ஒருவர் சீனர்க்கும் சம்பா நாட்டினர்க்கும். வந்தவனின் மொழியும் வழக்கமும் தெரிந்த ஒருவர் துறைமுகத்தில் இருந்தால், வம்புக்கும் வழக்குக்கும் இடமேது? கடலில் நடப்போர்க்கும் கரையில் வாழ்வோர்க்கும் தனித்தனிச் சட்டத் தொகுப்புகளும் வகுக்கப்பட்டிருந்தன.

மொலுக்காசிலிருந்து கிராம்பு, பண்டாவிலிருந்து சாதிக்காய், தீமோரிலிருந்து சந்தனம், சீனத்திலிருந்து பட்டும் பீங்கானும், சோழமண்டலக் கரையிலிருந்து துணிமணிகள் என யாவும் இங்கே கைமாறின. போர்த்துகீசியர் ஆட்சியின் தொடக்கத்தில் இங்கு வாழ்ந்த தோமே பிரெஸ் என்பவர், மலாக்காவில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று எழுதிவைத்துள்ளார். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த துணிகள் தீவுக்கூட்டம் எங்கும் விரும்பப்பட்டன. அவற்றைக் கொண்டுவந்த தமிழ் வணிகர்கள் நகரின் செல்வர்களில் முதன்மையானோராக விளங்கினர். சுல்தான் மகமூது ஷாவின் ஆட்சியில் பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக இருந்த துன் முதஹிர் தமிழ் முஸ்லிம் வழித்தோன்றல் ஆவார். 1510-ஆம் ஆண்டில் அவர் கொலைத் தண்டனைக்கு ஆளானது அரசவைப் பூசல் எவ்வளவு முற்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது. வீட்டில் ஒற்றுமை குலைந்தால் வாசலில் பகைவன் நிற்பான் அல்லவா? அடுத்த ஆண்டே போர்த்துகீசியக் கப்பற்படை வந்து நின்றது.

கொடிகள் மாறின, ஊர் நிலைத்தது

1511-ஆம் ஆண்டில் அல்போன்சோ டி அல்புகர்க் மலாக்காவைக் கைப்பற்றி, கடலோரத்தில் கற்கோட்டை எழுப்பினார். நைனா சத்து என்னும் தமிழ் வணிகர் அவர்களுடைய ஆட்சியில் பெண்டஹாராப் பதவி பெற்று, 1514-இல் மறைந்தார். 1641-இல் பல மாத முற்றுகைக்குப் பின் டச்சுக்காரர், ஜொகூரின் துணையோடு நகரைப் பிடித்தனர். இன்று நாம் படமெடுத்துக்கொள்ளும் ஸ்டாட்ஹைஸ் கட்டடம் 1650-ஐ ஒட்டி அவர்கள் கட்டியது. அதனருகில் உள்ள கிறிஸ்து தேவாலயம் 1753-இல் நிறைவுற்றது. 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். இடையில் திருப்பிக் கொடுத்து, 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நிலையாகப் பெற்றனர்.

1807-இல் ஆங்கிலேயர் கோட்டையை வெடிமருந்து வைத்துத் தகர்க்கத் தொடங்கினர். வேறு எவர் கையிலும் அது சிக்கிவிடக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் நின்ற மதில்கள் மண்ணோடு மண்ணாயின. எஞ்சியது ஒரே ஒரு வாசல். நாம் இன்று காணும் 'சந்தியாகோ வாசல்' அதுவே. ஒரு கோட்டையைக் கட்ட ஒரு தலைமுறை உழைக்க வேண்டும். இடிக்கச் சில மாதங்கள் போதும் என்பதற்கு அவ்வாசலே சான்று.

இந்நகருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், துங்கு அப்துல் ரகுமான் அவர்கள் லண்டன் பேச்சுவார்த்தையை முடித்துத் திரும்பியபின், மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடலில்தான் 1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெறும் என்று அறிவித்தார். எந்த மண்ணில் அந்நியர் ஆட்சி முதலில் வேரூன்றியதோ, அந்த மண்ணிலேயே அதன் முடிவும் அறிவிக்கப்பட்டது.

பால்மரத்துக்கும் மலாக்காவுக்கும் உள்ள உறவு

தோழர்களே, நம் வாழ்வோடு பின்னிக்கிடக்கும் செய்தி ஒன்றை இப்போது கூறுகிறேன். 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். ஆயினும் அவர் கொடுத்த விதைகளை வாங்கி நட எவரும் முன்வரவில்லை. அவர் சொல்லை நம்பிய ஒருவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கர் நிலத்தில் அவர் பால்மரம் நட்டார். பின்னர்ப் புக்கிட் அசஹானில் பல்லாயிரம் ஏக்கர் அளவுக்குத் தோட்டம் விரிந்தது. இந்நாட்டில் வணிக நோக்கோடு ரப்பர் பயிரிட்ட முன்னோடி அவரே.

அந்த 40 ஏக்கரிலிருந்து தொடங்கிய தொழிலே, நம் பாட்டன்மாரைக் கடல் கடக்கச் செய்தது. காடு வெட்டி, தவரணையில் கன்று வளர்த்து, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, உளியும் வாளியுமாக இருளில் நடந்து, இந்நாட்டின் செல்வத்தை அவர்கள் வளர்த்தார்கள். நிலம் கொடுத்தவரின் பெயரும் விதை கொடுத்தவரின் பெயரும் நூல்களில் உள்ளன. மரம் வெட்டியவர்களின் பெயர்கள் எங்கே உள்ளன? இக்கேள்வியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தெரு, மூன்று வழிபாட்டிடங்கள்

ஆற்றைக் கடந்து பழைய நகருக்குள் சென்றால், தட்டார் தெருவில் பொய்யாத விநாயகர் ஆலயத்தைக் காணலாம். 1781-இல் டச்சு அரசு அளித்த நிலத்தில் எழுந்த இக்கோயில், நாட்டின் மிகப் பழைய இந்து ஆலயங்களுள் ஒன்றாகும். மாசி மகத்தின்போது இங்கிருந்து முருகப்பெருமானின் வெள்ளிரதம் செங் வட்டாரத்திலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்குப் புறப்படும். அதே தெருவின் தொடர்ச்சியில் 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிலிங் பள்ளிவாசல் உள்ளது. அடுக்கடுக்கான அதன் கூரையிலும் கோபுரத்திலும் சாவகத்தின் சாயலும் சீனத்தின் சாயலும் கலந்திருக்கும். இன்னும் சில அடிகள் நடந்தால், 17-ஆம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் என்னும் சீனக் கோயில். மணியோசையும் தொழுகை அழைப்பும் ஊதுவத்தி மணமும் ஒரே தெருவில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக இணைந்து வாழ்கின்றன.

அருகில் உள்ள தெருக்களில் பாபா, நியோஞா எனப்படும் சீன வழியினரின் வீடுகள் உள்ளன. முகப்புக் குறுகல், உள்ளே நீண்டுகொண்டே போகும். நடுவில் வானம் பார்த்த முற்றம். வெயிலும் மழையும் படாமல் நடக்க வாசலில் அஞ்சடி. நம் நாட்டுத் தட்பவெப்பம் அறிந்து கட்டிய வீடுகள் அவை. மலேசியச் சீனர் சங்கத்தை 1949-இல் தொடங்கி வழிநடத்திய துன் டான் செங் லோக் 1883-இல் இங்கே பிறந்தவர். அவர் வாழ்ந்த தெரு இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது.

உஜோங் பாசிரில் போர்த்துகீசியக் குடியிருப்பு உள்ளது. 1930-களில் இரு கத்தோலிக்கக் குருமார்களின் முயற்சியால் ஏழை மீனவர்களுக்கென அமைந்தது அது. 'கிறிஸ்தாங்' என்னும் அவர்களுடைய மொழி, போர்த்துகீசிய மொழியும் மலாய் மொழியும் கலந்து விளைந்தது. சூன் மாதத்தில் மீனவர்களின் காவலராகிய புனித பேதுருவுக்கு விழா எடுத்துப் படகுகளை அலங்கரிப்பர்.

மலாக்கா செட்டிகள் காட்டும் பாடம்

காஜா பெராங் பகுதியில் உள்ள கம்போங் செட்டிக்குத் தமிழர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் செல்ல வேண்டும். சுல்தான்கள் காலத்தில் வந்து, இம்மண்ணின் பெண்களை மணந்து நிலைத்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களே மலாக்கா செட்டிகள். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் அணிவது சாரோங் கெபாயா. உணவிலோ பிளாச்சானும் தேங்காய்ப்பாலும். ஆயினும் அவர்களுடைய பெயர்களோடு பிள்ளை, நாயக்கர், படையாட்சி என்னும் சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1822-இல் தோன்றிய அவர்களுடைய முத்துமாரியம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது. பொங்கலுக்கு முன்னாள் 'பார்ச்சு போகி' என்று, முன்னோர்க்கு வாழையிலையில் படையலிட்டு வணங்குகின்றனர். ஆண்டின் நடுவில் பழங்கள் நிறைந்த பருவத்தில் 'பார்ச்சு புவா' என்று பழம் படைக்கின்றனர்.

இவர்களைப் பார்த்து, "தமிழை மறந்தவர்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. அது நியாயமன்று. தாயகத்தோடு கப்பல் தொடர்பு அற்றுப்போய், வணிகமும் நலிந்து, தமிழ்ப்பள்ளி ஒன்றும் இல்லாத காலத்தில், சில நூறு குடும்பங்களாகச் சுருங்கிய ஒரு சமூகம் ஐந்து நூற்றாண்டுகள் தன் தெய்வத்தையும் முன்னோரையும் விடாமல் பற்றி நின்றதே, அதுவன்றோ வியப்பு! அவர்கள் நிலைத்தது எதனால்? ஆலயம் ஒன்றைப் பொதுவில் வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு தவறாமல் கூடினார்கள். முன்னோர் பெயரைச் சொல்லிப் படைத்தார்கள். இம்மூன்றும் இருந்தவரை சமூகம் இருந்தது. மொழியைத் தாங்கப் பள்ளி இல்லாமற்போனதால் மொழி மட்டும் நழுவியது. வைத்திருந்தது எப்படி நிலைத்தது, வைத்துக்கொள்ள வழியில்லாதது எப்படி நழுவியது என்னும் இரண்டு பாடங்களும் அங்கே உள்ளன.

மலாய் மக்கள், பாபாக்கள், செட்டிகள், போர்த்துகீசியர் ஆகிய நான்கு பிரிவினரும் பாடும் 'டொண்டாங் சாயாங்' என்னும் எதிர்ப்பாட்டுக் கலையை யுனெஸ்கோ 2018-இல் மானுட மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. ஒருவர் நாலடி பாட, மற்றவர் உடனே நாலடியில் மறுமொழி பாட வேண்டும். எதிராளி பாடுவதைச் செவிகொடுத்துக் கேட்டால்தான் பதில் பாட முடியும். இனங்கள் கூடி வாழும் நாட்டுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறென்ன வேண்டும்?

விலகிச் சென்ற கடல்

2003-இல் மலாக்கா மாநகர்த் தகுதி பெற்றது. 2008-ஆம் ஆண்டு சூலை 7-இல் ஜார்ஜ்டவுனுடன் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வருகையாளர் பெருகினர், வணிகமும் பெருகிற்று.

ஆனால் வளர்ச்சிக்கு விலையும் உண்டு. ஒருகாலத்தில் கோட்டை மதிலருகே அலை அடித்தது. விடுதலை நாள் அறிவிக்கப்பட்ட திடலும் கடலைப் பார்த்தே கிடந்தது. கரையோரம் தொடர்ந்து மண்ணிட்டு மேடாக்கப்பட்டதால், இன்று அங்கிருந்து பார்த்தால் கடைத்தொகுதிகளே தெரிகின்றன, கடல் தெரிவதில்லை. பிளாச்சானுக்கும் சிஞ்சாலோக்குக்கும் வேண்டிய கூனிறாலை ஆழமற்ற கரையோரத்தில் வலை தள்ளிப் பிடித்துவந்த மீனவர்கள், பிடிப்பு அருகிவிட்டதென்று வருந்துகின்றனர். கம்போங் செட்டியைச் சுற்றியும் உயர்ந்த கட்டடங்கள் எழுந்துள்ளன. பெயர்ப்பலகை இருப்பதனாலேயே ஒரு மரபு வாழ்ந்துவிடாது. அதை வாழ்பவர்கள் அங்கே இருக்க வேண்டும்.

நம் கையில் உள்ளது

இனி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன கேள்விக்கு வருகிறேன். மரம் வெட்டியவர்களின் பெயர்கள் எங்கே உள்ளன? அவை உங்கள் வீட்டுத் தகரப்பெட்டிகளில் உள்ளன. பாட்டன் கப்பலில் வந்தபோது கொடுத்த தாள், பழைய சம்பளச் சீட்டு, ஆலயத் திருவிழா அழைப்பிதழ், தோட்டப் பள்ளி மாணவர்களின் மங்கிய படம் ஆகியவையே நம் கோட்டையின் எஞ்சிய கற்கள். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்படும்போது அப்பெட்டிகளும் குப்பையோடு போய்விடுகின்றன. 1807-இல் வெடிமருந்து செய்ததை இன்று நம் கவனக்குறைவே செய்துவிடக்கூடும்.

ஆகவே மூன்று பணிகளை இத்தோட்டத்து மக்கள் மேற்கொள்ள வேண்டுகிறேன். முதலாவது, ஒரு தடித்த பதிவேட்டில் குடும்பந்தோறும் முன்னோர் பெயர், வந்த ஊர், வந்த ஆண்டு, செய்த வேலை ஆகியவற்றைப் பெரியவர்களைக் கேட்டு இளைஞர்கள் எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது, வேலை தேடி நகரம் சென்றவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆலயத் திருவிழாவில் கூட வேண்டும். மூன்றாவது, பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்ப வேண்டும். செட்டிகளின் முன்னோர்க்குக் கிட்டாத அந்த வாய்ப்பு நமக்குக் கிட்டியிருக்கிறது. அதைக் கைநழுவ விட்டால் காலத்தைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

அடுத்த விடுமுறையில் மலாக்காவுக்குச் செல்லும்போது, கோட்டை வாசலோடு திரும்பிவிடாதீர்கள். தட்டார் தெருவில் நடந்து பாருங்கள். கம்போங் செட்டிக்குச் சென்று அவ்வூர் மூதாட்டி ஒருவரிடம் மலாய் மொழியில் நலம் விசாரியுங்கள். பிள்ளைகளுக்கு நெல்லி மரத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லுங்கள். நம் மக்கள் இம்மண்ணுக்கு வந்தது பால்மரத்தோடு தொடங்கியதன்று. பால்மரம் வருவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மொழி இத்துறைமுகத்தில் ஒலித்தது என்பதை அவர்கள் அறிந்து வளரட்டும்.